மூக்கும் காதும் ஊசியச்சமும்

அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என வகுத்தார் தொல்காப்பியர். தெய்வம், விலங்கு, கள்வர், அரசர் என்பன அவை. ஊசி அவற்றுள் ஒன்றன்று. ஆயினும் நம் குடும்பங்களில் ஊசியைக் கண்ட அளவில் மெய்ந்நடுங்குவார் பலர். முகத்தின் குறை நீக்கும் ரணசிகிச்சையை மனமார விரும்பியும், அந்நடுக்கம் ஒன்றாலேயே ஆண்டுக்கணக்கில் ஒத்திவைப்பாரும் உளர். அறுந்த காதுமடலை முந்தானையால் மறைத்துக்கொண்டு மணவீட்டின் கடைசி வரிசையில் அமரும் மாதர் இத்தகையரே. இவர்தம் அச்சத்தை எள்ளுதல் தகுமோ என்பதனை நம் நாட்டுச் சரித்திரங்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முகத்தின் ஊனத்தை மானத்தின் ஊனமாகக் கருதியது நம் மதுரைச் சீமை. 'மூக்கறுபட்டான்' என்னும் வழக்கே அதற்குச் சான்றாம். திருமலை நாயக்கர் ஆட்சியின் இறுதியில், கி.பி. 1656-ஆம் ஆண்டளவில், மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசரின் படை சத்தியமங்கலத்தின் வழியாகப் புகுந்து மதுரையை நெருங்கியது. வழியில் அகப்பட்டாருடைய மூக்குகளை மேலுதட்டோடு அறுத்துத் தம் அரசர்க்கு அனுப்பினர் அப்படையினர். நோயுற்றிருந்த நாயக்கர் இரகுநாத சேதுபதியின் துணைவேண்ட, அவர் பெரும்படையுடன் விரைந்து வந்து பகைவரைத் துரத்தினார். நாயக்கர் படையும் மைசூர்ச் சீமையுட் புகுந்து அவ்வாறே பழிதீர்த்தது. ஆதலின் இதனை மூக்கறுப்புப் போர் என்பர். உயிரை விடுத்து மூக்கைக் கவர்ந்தமையின் நோக்கம், இருக்கும் நாளெல்லாம் நாணித் தலைகுனியச் செய்தலேயாம்.

இழந்த மூக்கினை மீளப் படைக்கும் கலையும் பாரத நாட்டிலேயே தோன்றியது. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி நூல், கன்னத்துத் தோலால் மூக்கமைத்தலையும், அறுந்த காதுமடலைப் பொருத்தும் பதினைந்து முறைகளையும் கூறுகின்றது. கத்தியின் வேதனை தோன்றாமைப் பொருட்டு நோயாளிக்கு முன்னரே மது அருந்தக் கொடுக்குமாறும் அது விதிக்கின்றது. எனவே நோயாளியின் அச்சத்தையும் வேதனையையும் அக்கால வைத்தியர் இழிவாகக் கொள்ளவில்லை என்பது தெளிவாம்.

இக்கலை பிற்காலத்தும் அழியாது நின்றது. ஆங்கிலப் படையில் எருதோட்டியாக இருந்த கவாஸ்ஜி என்பவன், 1792-ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானாற் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் இழந்தான். ஏறக்குறைய ஓராண்டின் பின்னர்ப் புனாவையடுத்துச் செங்கல் சூளை வேலைசெய்யும் குலத்தான் ஒருவன் அவனுக்குப் புதுமூக்குச் செய்தான். மெழுகால் மூக்கின் அளவெடுத்து, அதனை நெற்றியிற் பரப்பிக் கோடிட்டு, அவ்வளவில் தோலை அறுத்து, இரு கண்களின் இடையே சிறிது ஒட்டி நிற்கவிட்டுத் திருப்பி இறக்கினான். நூலும் ஊசியுமின்றிக் காசுக்கட்டியை நீரிற் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினான். இருபத்தைந்தாம் நாளளவில் நெற்றித்தொடர்பை அறுத்தல் வழக்கம். இச்செய்தி 1794-இல் லண்டன் மாநகரத்துப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. அதுகண்டு ஆராய்ந்த ஜோசப் கார்ப்யூ என்னும் வைத்தியர், 1814-இல் அம்முறையை ஆங்கில நாட்டிற் செய்துகாட்டினார்.

கவாஸ்ஜியின் முகத்தில் தையலூசி பாயவில்லை. ஆனால் கத்தி பாய்ந்த வேதனை முழுவதையும் அவன் நினைவோடு இருந்தே பொறுத்தான். ஈதர் ஆவியால் மயக்கி அறுத்தல் 1846-இல் தான் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் வெளிப்படக் காட்டப்பெற்றது. மருந்தேற்றும் நுண்ணூசி 1853-இல் வந்தது. இன்று வைத்தியர் பெரிதும் கையாளும் லிடோகெயின் என்னும் மரப்பு மருந்து 1943-இல் சுவீடன் நாட்டில் ஆக்கப்பெற்றது. ஆகவே நாம் அஞ்சும் அவ்வூசியே, பெருவேதனையை நீக்க வந்த துணையாம்.

இனி நம் ஊர்க் காதினை நோக்குவோம். மாமன் மடியில் இருத்திக் காதுகுத்திய பின்னர், துளையில் ஈயக் குணுக்கினை மாட்டி மடலைத் தோள்வரை வளர்த்துத் தண்டட்டியும் பாம்படமும் அணிதல் நம் பாட்டியர் காலத்து வழக்கம். நாகரிகம் மாறவே, அவ்வாறு வளர்த்த மடலை அறுத்துத் தைத்துக்கொள்ளும் வழக்கமும் பரவிற்று. இன்றும் கனத்த தோடும் ஜிமிக்கியும் இழுத்து அறுந்த மடலைத் தைத்தல், மடலை மட்டும் மரக்கச் செய்து முடிக்கும் சிறு சிகிச்சையாகவே நிகழ்கின்றது. தடை அம்முதல் ஊசியொன்றே.

ஊசியைக் கண்டு மயங்குதல் கோழைமையன்று. சிலருக்கு ஊசியையோ குருதியையோ கண்டவுடன் நெஞ்சு முதலிற் படபடத்துப் பின்னர்த் துடிப்புக் குறையும். இரத்த அழுத்தமும் தாழும். அதனால் மயக்கம் வரும். இது குடும்பவழித் தொடர்வதும் உண்டு. இதற்கு 1980-களில் சுவீடன் நாட்டு உளநூலறிஞர் லார்ஸ் யோரான் ஊஸ்ட் ஒரு பயிற்சி வகுத்தார். கை, கால், உடல் ஆகியவற்றின் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி, முகத்திற் சூடேறியதும் தளர்த்தி, அரை நிமிடம் இருந்து, மீண்டும் அவ்வாறு ஐந்துமுறை செய்தலே அது. ஊசி குத்தும் உறுப்பை மட்டும் தளரவிடல் வேண்டும். படுத்த நிலையில் ஊசி ஏற்பதும், ஒரு மணி நேரம் முன்னரே மரப்புக் களிம்பு பூசச்செய்வதும் உதவும். இவையெல்லாம் வைத்தியரிடம் அச்சத்தை வாய்விட்டுக் கூறினார்க்கே கிட்டும், மறைத்தார்க்குக் கிட்டா.

ஆகவே நம் குடும்பத்துப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். பெண்ணோ பிள்ளையோ ஊசிக்கு அஞ்சினால் நகையாதீர். உடன்சென்று வைத்தியரிடம் அவர் அச்சத்தை நீவிரே எடுத்துரைமின். அழகின்பொருட்டுச் செய்யும் சிகிச்சை வேண்டாவென ஒருவர் உண்மையில் துணிந்தால் அதனையும் மதிமின். குறையோடு வாழ்தல் இழிவன்று. விரும்பிய ஒன்றை அச்சத்தால் மட்டும் இழந்து, வாழ்நாள் முழுதும் முந்தானைக்குள் முகம் மறைக்கும் நிலை நம்மவரில் ஒருவர்க்கும் வாராதிருப்பதாக.