முதல் திருத்தம் நம்ம சென்னையால் வந்தது



வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், அமெரிக்க அரசியலமைப்பில் இதுவரை 27 திருத்தம்தான். நம்முடையதில் நூறைத் தாண்டிவிட்டது. அப்போ நம்முடையது பலவீனமானதா?"

இல்லை தம்பி. எல்லா மனிதரும் சமம் என்று 1776-இல் அறிவித்த நாடு அமெரிக்கா. அங்கே அடிமை முறை ஒழிய உள்நாட்டுப் போர் நடந்து, 1865-இல் 13-ஆவது திருத்தம் வர வேண்டியிருந்தது.

நம் முதல் திருத்தத்துக்குக் காரணம் இதே சென்னை. அன்றைய வகுப்புவாரி அரசாணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் இது செல்லாது என்று 1950-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பெரியார் போராட்டத்தில் இறங்கினார். அந்த ஜூனிலேயே முதல் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்தது. பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடு வந்ததும் அதே திருத்தத்தில்தான். அதையும் மறைக்கக் கூடாது.

ஹார்பரில் மூட்டை தூக்கிய என் அப்பாவுக்கு 15(4) என்றால் என்னவென்று தெரியாது. ஆசிரியர் பயிற்சியில் எனக்கு இடம் கிடைத்தது அதனால்தான். அது இல்லையென்றால் வியாசர்பாடியில் உங்களுக்குப் பாடம் எடுத்த வாத்தியார் நானாக இருந்திருக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிப் படி ஏறியவர் யார்? கீழே எழுதுங்கள், படிக்க ஆசை.