பழைய மடிகணினி: திருத்துவதற்கு முன் ஆவணங்களைக் காப்பது எப்படி?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் ஒளிப்படங்கள், முறைப்பாட்டுப் பிரதிகள், காணி உறுதிகளின் ஸ்கேன் பிரதிகள் எனப் பல குடும்பங்களின் ஆவணங்கள் பழைய மடிகணினிகளில் இருக்கின்றன. கணினி இயங்காமல் போவதால் மட்டும் அவை அழிவதில்லை. அவை பதிவாகியிருப்பது வன்தட்டில்.

முதலில் சார்ஜரையும், கழற்றக்கூடியதாயின் பற்றரியையும் அகற்றி, பவர் பொத்தானை 30 வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பின்னர் சார்ஜரை மட்டும் இணைத்துப் பாருங்கள். சில கணினிகள் இதிலேயே இயங்கத் தொடங்கும். அடிக்கடி சூடேறி நின்றால் விசிறித் தூசியைத் தூரிகையால் அகற்றுங்கள். திகதி, நேரம் மாறிக்கொண்டேயிருந்தால் உள்ளிருக்கும் 3 வோல்ட் நாணயப் பற்றரி தீர்ந்திருக்கலாம். பிரதான பற்றரி வீங்கியிருந்தால் அழுத்தவோ துளைக்கவோ சார்ஜ் செய்யவோ வேண்டாம்.

அப்படியும் இயங்காவிட்டால், பல பழைய கணினிகளில் அடிமூடியைத் திறந்து 2.5 அங்குல வன்தட்டைக் கழற்றலாம். அதை யூ.எஸ்.பி. உறையில் பொருத்தி, வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளைப் பிரதியெடுக்கலாம். ‘ஃபோர்மட் செய்யவா?’ எனத் திரையில் கேட்டால் சம்மதிக்க வேண்டாம். வன்தட்டில் ‘டிக் டிக்’ சத்தம் வந்தால் உடனே நிறுத்தி, தகவல் மீட்பு தெரிந்தவரை நாடுங்கள்.

திரையோ விசைப்பலகையோ மாற்றக் கடைக்குக் கொடுக்கும்போது வன்தட்டை வீட்டில் வைத்திருங்கள். பிரதிகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். கணினியை மாற்றிக்கொள்ளலாம், ஒரேயொரு ஒளிப்படத்தை மாற்ற முடியாது.