தமிழ் மூன்றெழுத்தா, ஐந்தெழுத்தா?

மாணவச் செல்வங்களே, உறவுகளே, இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். இணையதளம் செய்யும் வேலையில் இருக்கிற பிள்ளைகள் மட்டும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும்.

"தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். கணினியைக் கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது பிரித்து எண்ணுகிறது. இந்த மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் முப்பது ஆண்டுக் கதை இருக்கிறது.

1990களில் ஓர் எழுத்துருவில் இருந்த இடம் மொத்தம் 256. அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் போய்விடும். மீதியில் நம் 247 எழுத்துகளையும் துண்டு துண்டாக அடக்க வேண்டும். எதை எங்கே வைப்பது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்தார்கள். சிலர் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழை வைத்தார்கள். ஒரு தளத்தைப் படிக்க அந்தத் தளத்தின் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் திரை முழுக்கக் கிறுக்கல்தான்.

1997இல் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வசதி வந்தது. ஆனால் நெட்ஸ்கேப் ஒரு முறை வைத்தது, மைக்ரோசாஃப்ட் வேறொரு முறை வைத்தது. ஒரே பக்கத்துக்கு இரண்டு விதமாக எழுத்துரு செய்ய வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலோடு அன்று மல்லுக்கட்டியவர்களில் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985லேயே முரசு மென்பொருளைத் தொடங்கியவர். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலில் மதுரைத் திட்டத்தையும் தொடங்கிப் பழைய நூல்களை இணையத்தில் ஏற்ற வழி செய்தார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இணையத் தமிழின் முன்னோடிகளில் ஒருவர். அவரும் நம்மைப் போல வாத்தியார்தான்.

ஆளுக்கு ஒரு முறை என்றால் வேலைக்கு ஆகாது என்று இவர்கள் உணர்ந்தார்கள். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதன் பயனாக டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் அரசின் ஏற்பைப் பெற்றன. விசைப்பலகை நிலைத்துவிட்டது. குறியீட்டில் மட்டும் இன்னும் ஒற்றுமை வரவில்லை. டிஸ்கி ஒரு பக்கம், டாப் ஒரு பக்கம் என்று நின்றது.

உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த யூனிகோடு அதை முடித்துவைத்தது. அதில் தமிழுக்கு 1991லேயே இடம் உண்டு. ஆனால் சாதாரணக் கணினியில் அது வேலை செய்ய விண்டோஸ் 2000உம் அதோடு வந்த லதா எழுத்துருவும் வர வேண்டியிருந்தது. தட்டச்சுக்கு எ-கலப்பை போன்ற இலவசக் கருவிகளும், பழைய பக்கங்களை மாற்ற எழுத்துரு மாற்றிகளும் வந்தன. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இன்று கூகுளில் தமிழில் தேடினால் விடை கிடைக்கிறதே, அதற்கு இந்தப் பொதுக் குறியீடுதான் காரணம். மாற்றாமல் விடப்பட்ட பழைய பக்கங்களைத் தேடுபொறி கண்டுகொள்வதில்லை. அவை இருந்தும் இல்லாதது போலத்தான்.

எழுத்துருச் சிக்கலும் தீர்ந்தது. வோஃப் என்ற பொது முறை 2012இல் தரமாக அறிவிக்கப்பட்டது. இப்போது நோட்டோ, ஹிந்த் மதுரை, முக்த மலர், பாலூ தம்பி என்று இலவசத் தமிழ் எழுத்துருக்கள் நிறைய இருக்கின்றன.

மிச்சம் இருந்தது எண்ணிக்கை. இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பச்சையம்மாள் என்று ஒரு பாட்டி இருக்கிறார் என்று வையுங்கள். நமக்கு அந்தப் பெயர் ஏழெழுத்து. கணினிக்குப் பன்னிரண்டு. படிவத்தில் பெயருக்கு "பத்தெழுத்து போதும்" என்று ஒருவர் வரம்பு வைத்தால் அது "பச்சையம்மா" என்று நின்றுவிடும். பதினொன்று வைத்தால் "பச்சையம்மாள" என்று புள்ளி இல்லாமல் நிற்கும். அட்டையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று ஆகிவிட்டால், அதைத் திருத்த மலையிலிருந்து பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு அலைவது அந்தப் பாட்டிதான். வரம்பு வைத்தவருக்கு இது தெரியவே தெரியாது.

இதற்கும் இப்போது கருவி வந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே இன்டல் செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது. குரோமில் 2020இல் வந்தது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்சிலும் வந்தபின் எல்லா முக்கிய உலாவிகளிலும் கிடைக்கிறது. அதனிடம் "தமிழ்" என்று கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துத் தரும். பைத்தானில் வேலை செய்கிறவர்களுக்கு முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நூலகம் இருக்கிறது. இரண்டுக்கும் காசு கிடையாது.

ஆனால் கருவி தானாக வேலை செய்யாது, எடுத்துப் பயன்படுத்த ஆள் வேண்டும். படிவத்தில் மாக்ஸ்லெங்த் என்று எண் போட்டால் உலாவி இன்றும் பழைய கணக்கில்தான் எண்ணும். அதனால் பிள்ளைகளே, பெயருக்கு வரம்பு வைக்கும்போது தமிழ்க் கணக்கில் எண்ணுங்கள், அல்லது தாராளமாக இடம் விடுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறியுங்கள். அறிவிப்பைப் படமாக ஒட்டாமல் எழுத்தாக எழுதுங்கள். அப்போதுதான் தேடினால் கிடைக்கும், கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் புரியும். எழுத்துருவைச் சுருக்கி அனுப்புங்கள். நம் கல்வராயன் மலையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

உங்களில் யாராவது இப்படி ஒரு படிவம் செய்திருந்தால், இன்றே பச்சையம்மாள் என்று அடித்துப் பாருங்கள். முழுப் பெயரும் வந்ததா என்று கீழே எழுதுங்கள். வரவில்லை என்றாலும் எழுதுங்கள், கூடப் படித்தவர்கள் சேர்ந்து சரி செய்யலாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்