கடவூர் மலைக்குள் ஒரு பண்ணைப் பள்ளி



ஒரு சித்திரை மாத மாலையில் திருவெள்ளறை நாலுமூலைக் கேணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விவசாயிகளோடு பேசிக்கொண்டிருந்தேன். கோடை உழவு, விதை நேர்த்தி என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போக, ஒரு பெரியவர் குறுக்கிட்டார். "எல்லாம் சரிங்க சார். என்ன போடணும், எப்பப் போடணும்னு நீங்க சொல்லிடுறீங்க. எனக்கப்புறம் இந்தக் காட்டை யாரு உழுவா? அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். அவருடைய இரண்டு பையன்களும் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இன்றைய பேச்சு அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலில் ஒரு பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கேணியைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்களில் பலர் அதில் இறங்கியிருப்பீர்கள். நாலு பக்கமும் படிகள் வளைந்து இறங்குவதால் ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறையில் இருப்பவர் கண்ணுக்குப் படமாட்டார். பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆட்சியாண்டில் முடித்த வேலை அது. ஏறக்குறைய கி.பி. 800 என்று கொள்ளலாம். வெட்டியவன் ஆலம்பாக்கத்து விசய நல்லூழானின் தம்பி கம்பன் அரையன். மன்னனின் பட்டப்பெயரால் 'மார்ப்பிடுகு பெருங்கிணறு' என்று பெயர் வைத்தான். வெள்ளறை என்றால் வெண்மையான பாறை என்றுதானே அர்த்தம்? கொள்ளிடத்துக்கு வடக்கே இந்த மேட்டில் ஆற்றுப் பாசனம் என்பது கனவு. ஆகவே கிணறும் ஏரியும் இங்கே ஊர்ப்பொதுக் காரியமாக இருந்தன. இத்தனை வேலையை முடித்த காலத்தில் அங்கே வேலை செய்த வாலிபர்கள் கல்லையும் மண்ணையும் எத்தனை படித்திருப்பார்கள்! ஏட்டுச்சுவடி தராத படிப்பு அது.

அந்த மாதிரி, பண்ணையிலேயே தங்கி, பருவத்தோடு சேர்ந்து உழைத்து விவசாயம் படிக்கிற இடங்கள் நம் நாட்டில் புதிதல்ல. மதுரைக்குத் தெற்கே தே. கல்லுப்பட்டியில் 1940-ல் காந்தி நிகேதன் ஆசிரமம் தொடங்கியது. தஞ்சாவூரில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, 1960-ல் காலமாகும் முன் தம் கடைசி ஆண்டுகளை அங்கேதான் கழித்தார். 1947-ல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் வந்தது. இவையெல்லாம் பெரிய ஸ்தாபனங்கள். நான் சொல்ல வந்தது இதைவிடச் சின்ன இடம்; நமக்குப் பக்கத்து இடமும்கூட. மணப்பாறையைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் சுற்றிலும் மலை வளையம் போட்ட கடவூர். தேவாங்குக்காக 2022-ல் அரசு சரணாலயம் அறிவித்ததே, அந்தக் கடவூர்தான். அங்கே 2009-ல் கோ. நம்மாழ்வார் தொடங்கிய பண்ணைக்கு 'வானகம்' என்று பெயர்.

நம்மாழ்வார் நமக்கு அந்நியர் அல்ல. திருக்காட்டுப்பள்ளி பக்கம் இளங்காட்டில் 1938-ல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பட்டம் வாங்கி, 1963-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது மானாவாரிப் பகுதி. பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எத்தனை அடி இடைவெளி, எத்தனை கிலோ உரம் என்று சோதனை நடந்துகொண்டிருந்தது. மழை வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்கிற நிலத்தில், கையில் காசில்லாத விவசாயிக்கு இந்தக் கணக்கு எதற்கு உதவும் என்று அவருக்குத் தோன்றியது. 1969-ல் வேலையை விட்டுவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது; ஒளிக்காமல் சொல்கிறேன். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு மானாவாரி மக்காச்சோளக் காட்டுக்கு மேலுரமாக யூரியா போடச் சொன்னேன். புத்தகப்படி சரியான சிபாரிசு. அதற்குப் பிறகு இருபது நாள் ஒரு சொட்டு மழை இல்லை. உரம் வாங்கிய கடனும், காய்ந்த தட்டையும்தான் அவருக்கு மிச்சம். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வேலையை விட்ட நம்மாழ்வார் நேரே சாமியாராகப் போய்விடவில்லை. நோபல் அமைதிப் பரிசு பெற்ற பெல்ஜியப் பாதிரியார் தொமினிக் பியர் தொடங்கிய 'அமைதித் தீவு' இயக்கம் களக்காட்டில் நடத்திய திட்டத்தில் பல ஆண்டுகள் பயிர் நிபுணராக உழைத்தார். வெளியிலிருந்து வாங்கும் சரக்கைக் குறைக்காமல் விவசாயி தலை நிமிர முடியாது என்ற முடிவுக்கு வந்தது அங்கேதான். பிறகு 'குடும்பம்' என்ற அமைப்பு. புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில் அதன் கொழுஞ்சிப் பண்ணை. கொழுஞ்சி என்று பெயர் வைத்தது பொருத்தம் பாருங்கள். மாடு கடிக்காது, கல்லாங்காட்டிலும் முளைக்கும், மடக்கி உழுதால் தழைச்சத்து.

கடலுக்கு அப்பாலும் இப்படி ஒருவர் இருந்தார். ஜப்பானில் மசனோபு புகோகா, துறைமுகச் சுங்க அலுவலகத்தில் பயிர் நோய் ஆய்வாளர். அந்த வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அறுப்புக்கு முன்பே நிற்கும் நெல்லுக்குள் அடுத்த பயிரான பார்லியைத் தூவி, அறுத்த வைக்கோலை வயலுக்கே திருப்பிப் போட்டார். நம் உளுந்து விதைப்பை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும். அவர் மலைத்தோட்டத்துக் குடிசைகளில் எங்கெங்கிருந்தோ வந்த இளைஞர்கள் தங்கி, வேலை செய்து படித்தார்கள். இங்கிலாந்தில் 1971-ல் ஸூ கோப்பர்ட் என்ற செயலாளர் வேலை பார்த்த பெண்மணி, பட்டணத்து ஆட்களை வாரக் கடைசியில் பண்ணை வேலைக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார். அது இன்று பல நாடுகளில் பரவிக் கிடக்கிறது.

இனி வானகம். கல்லும் கரடுமான வறண்ட நிலம். முதல் வேலை மழைத் தண்ணீரை நிறுத்துவது. சரிவுக்குக் குறுக்கே வரப்பு, குழி, குட்டை. இந்த வேலைக்குப் பருவம் கோடைதான். ஆடியில் விதைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் குட்டையைப் பார்ப்பதும் கன்று நடுவதும். தையில் அறுப்பு, விதை எடுப்பு. மாசிக்குப் பிறகு மண்ணை வெயிலில் கிடக்க விடாமல் தழையும் சருகும் போட்டு மூடாக்கு. தங்கிப் பயில வரும் இளைஞர்களில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்து வருகிறவர்கள் உண்டு, பள்ளிக்கூடம் முடித்தவர்கள் உண்டு. எந்த மாதத்தில் வருகிறார்களோ அந்த மாதத்து வேலைதான் பாடம். மூன்று நாள் தங்கினால் மூன்று நாள் அறிவுதான் கிடைக்கும். ஒரு வெள்ளாமை முழுக்க நின்று பார்த்தவன்தான் விவசாயி. இதை அந்தப் பயிற்சிக்குக் குறையாகச் சொல்லவில்லை, போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அவர் சொன்ன பலதானிய விதைப்பை நானே சிபாரிசு செய்கிறேன். தானியத்தில் நாலு வகை, பயறில் நாலு, எண்ணெய் வித்தில் நாலு, பசுந்தாளில் நாலு, வாசனைப் பொருளில் நாலு. எல்லாம் கலந்து ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45-50 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுவது. மகாராஷ்டிரத்துக் கணித ஆசிரியர் தபோல்கரின் யோசனை இது. 2004 சுனாமிக்குப் பின் நாகை மாவட்டத்தில் உப்பேறிய வயல்களை மீட்க நம்மாழ்வார் தக்கைப்பூண்டை விதைக்கச் சொன்னதும் அனுபவத்தில் பலித்தது. ஆனால் எல்லாவற்றிலும் நான் அவரோடு ஒத்துப்போகிறவன் இல்லை. மண் பரிசோதனை செய்து துத்தநாகக் குறை தெரிந்தால், துத்தநாக சல்பேட் போடுங்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அதை வீம்புக்கு மறுப்பது பயிருக்கு நல்லதல்ல. அவர் 2013 டிசம்பர் 30-ல், டெல்டாவில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த சமயத்தில், பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் காலமானார். உடலை வானகத்து மண்ணில்தான் வைத்தார்கள்.

சரி, பெரியவருக்குப் பதில்? அன்று கேணிக்கரையில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த நாலு வாலிபர்களை ஒரு மாசியில் கடவூருக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவர்கள் பெரியவரிடமே போய், அவருடைய நாலு ஏக்கரின் தாழ்ந்த மூலையில் குட்டை வெட்டலாமா என்று கேட்டார்கள். "காட்டைக் குழியாக்கவா கேட்குறீங்க?" என்று ஒரு மாதம் இழுத்தார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர். நாலு ஏக்கரில் 30 மில்லிமீட்டர் ஒரே மழையாகக் கொட்டினால் ஏறக்குறைய 4,80,000 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலும், முப்பதடிக்கு முப்பதடி, ஐந்தடி ஆழக் குட்டை ஏறக்குறைய முக்கால்வாசி நிரம்பிப்போகும்.

சித்திரையில் வெட்டினார்கள். ஒரு பையன் நடுவில் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டான். மற்ற மூவரும் நின்றார்கள். ஆவணியில் ஒரு ராத்திரி மழை. மறுநாள் விடியற்காலை என் போன் அடித்தது. பெரியவர்தான். "சார், கொஞ்சம் வந்து பாருங்க. கரை ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு. பசங்க மண்வெட்டியோட நிக்கிறானுங்க, எந்தப் பக்கம் வெட்டணும்னு சொல்லிட்டுப் போங்க" என்றார்.

போனேன். மேற்குப் பக்கம் உபரி நீர் வெளியேற வழி விட மறந்திருந்தோம். குட்டை வெட்டுகிறவர்கள் முதலிலேயே அந்த வழியைக் கல் பாவி அமைத்துவிடுங்கள். கரைக்கு வெட்டிவேர் நட்டால் மண் பிடித்துக்கொள்ளும்.