கேனனின் பூனையும் குடிகாட்டு மூக்கும்

இன்னைக்கு ஒரு பஸ்ஸுல இருந்து ஆரம்பிக்கலாம்.

கடலூர்ல இருந்து சிதம்பரம் போற பஸ். ஓ.டி. தாண்டி கொஞ்ச தூரத்துல சிப்காட். காலேஜ் படிச்சப்போ அந்த ரூட்டுல அடிக்கடி போவேன். குடிகாடு பக்கம் வரும்போது சில நாள் ஒரு நாத்தம் வரும் பாருங்க, நல்லா தூங்கிட்டு இருந்தவன் முழிச்சுடுவேன். மூச்சு தானா நிக்கும், நெஞ்சு படபடங்கும், கை ஜன்னல் ஷட்டரைத் தேடும். என்ன நாத்தம்னு யோசிக்கிறதுக்குள்ள உடம்பு வேலையை ஆரம்பிச்சுடும். அஞ்சு நிமிஷத்துல பஸ் தாண்டிடும், நானும் திரும்பத் தூங்கிடுவேன்.

அந்த அஞ்சு நிமிஷத்துல உடம்புக்குள்ள என்ன நடந்துச்சு? இதைக் கண்டுபிடிச்ச கதையில ஒரு பூனை இருக்கு.

1890களின் கடைசியில், ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த வால்ட்டர் கேனன், அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த எக்ஸ்ரேயை வைத்து பூனையின் வயிறு சாப்பாட்டை எப்படி அரைக்கிறது என்று பார்த்தார். பூனை மிரண்டால் வயிறு அப்படியே நின்றுவிட்டது. அவர் தேடினது ஜீரணத்தை, கையில சிக்கினது பயம்!

1911ல் அவரும் ஒரு சக ஆய்வாளரும் பூனை முன்னால் ஒரு நாயைக் குரைக்க விட்டாங்க. நாய் வர்றதுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல ஒரு குடல் தசைத் துண்டைப் போட்டா, அது எப்பவும்போல சுருங்கி விரிஞ்சுது. பயந்த பிறகு எடுத்த ரத்தத்துல போட்டா, அடங்கிப் போச்சு. ரத்தத்துல அட்ரீனலின் கலந்திருந்ததுதான் காரணம்னு கேனன் சொன்னார். 1915ல் வந்த அவருடைய புத்தகத்துக்குப் பிறகுதான் 'ஃபைட் ஆர் ஃப்ளைட்' பிரபலமாச்சு. நம்ம பாஷையில, மோது இல்லன்னா ஓடு.

வேலை நடக்கிறது இப்படித்தான். ஆபத்துன்னு மூளை நினைச்சதும், சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி இருக்கிற அட்ரீனல் சுரப்பிக்கு நரம்பு வழியா தகவல் போகும். இதயம் வேகமாகும், ரத்தத்துல சர்க்கரை ஏறும், ஜீரணம் நிக்கும். கொஞ்ச நேரத்துல கார்ட்டிசோலும் வந்து சேரும். ஓடி முடிச்சதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பணும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

ஏன்னா எனக்குத்தான் பஸ் தாண்டிடும். குடிகாட்டுல, ஈச்சங்காட்டுல வீடு இருக்கிறவங்க எங்க தாண்டுவாங்க? ராத்திரி நாத்தம் வந்தா யாரோட மோதுறது, எங்க ஓடுறது? அந்தப் பயம் வெறும் மனப்பிரமையும் இல்ல. 2021 மே 13 அன்னிக்கு இதே சிப்காட்டுல ஒரு பூச்சிமருந்து ஆலையில நடந்த விபத்துல 4 பேர் இறந்தாங்க. அலாரம் அணையாமலே ஓடிக்கிட்டு இருந்தா தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், நோய் எதிர்ப்பு குறையும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. மூக்கு சீக்கிரம் பழகிடும். அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு ரொம்ப ஏறினா, முகர்ற சக்தியையே மரத்துப்போக வைக்கும். நாத்தம் போச்சு, ஆபத்து போகல.

நான் வேலை பார்க்கிற துறையில இதுக்கு ஒரு பேர் உண்டு, அலர்ட் ஃபட்டீக். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் அலர்ட் அடிச்சா முதல் வாரம் துள்ளி எழுவோம். தினமும் அடிச்சா மியூட் பண்ணிட்டுப் படுத்துடுவோம். அதுல ஒரு நாள் நிஜ அலர்ட்டும் போயிடும்.

சிப்காட் கிராமத்து மக்கள் மியூட் பண்ணல. 2004ல் அங்கே ஊர்க்காரர்களே சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி எடுத்தார்கள். நாத்தம் வந்தா தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம் அடிக்குது, அழுகின முட்டையா நெயில் பாலிஷான்னு குறிச்சு வெச்சாங்க. பிளாஸ்டிக் வாளிக்குள்ள ஒரு பையை வெச்சு, அதுல காத்தைப் பிடிச்சு ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. புற்றுநோய் உண்டாக்குற ரசாயனங்களும் அதுல இருந்தது தெரியவந்துச்சு. அதே வருஷம் உச்ச நீதிமன்றத்தின் அபாயக் கழிவுக் கண்காணிப்புக் குழு கடலூர் சிப்காட்டைப் பார்க்க வந்தது. பிரச்சினை அதோட தீர்ந்துடலதான். ஆனா 'ஏதோ நாறுது'ன்னு சொல்றவங்களைத் திருப்பி அனுப்பலாம், தேதி நேரத்தோட வர்றவங்களை அவ்வளவு சுலபமா அனுப்ப முடியாது.

கேனனோட பூனைக்கு ரெண்டே வழி. குடிகாட்டுக்காரங்க மூணாவதா ஒண்ணு கண்டுபிடிச்சாங்க: எழுதி வை.

அடுத்த முறை காரணம் தெரியாம நெஞ்சு படபடத்தா, 'டென்ஷன் ஆகாதே'ன்னு உடனே உங்களையே அதட்டாதீங்க. எப்போ, எங்க, எதுக்குன்னு ஒரு வரி குறிச்சு வைங்க. ஒரு மாசம் கழிச்சுப் படிச்சுப் பாருங்க. சில அலாரம் பொய்யா இருக்கும். சிலதுக்கு ஆலை வேற எங்கேயோ இருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.