வரலாற்றிடச் சூழல் மதிப்பீட்டுப் பயிற்சி: விக்கிரமங்கலத்தை முன்வைத்து

முன்னுரை

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம், சோழர் காலப் புத்தர், தீர்த்தங்கரர் திருமேனிகளால் ஆய்வாளர்க்கு அறிமுகமான ஊர். அத்திருமேனிகளுக்குரிய பள்ளிகள் இன்று கட்டடங்களாக எஞ்சவில்லை. கட்டடம் மறைந்த ஓரிடத்தின் சூழலை எவ்வாறு மதிப்பிடுவது, அதற்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டத் தொலைவும் வரலாற்றுச் சூழலும்

1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டபோது, நடுவணரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி எனவும், அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி எனவும் வரையறுக்கப்பட்டன. கட்டுமானங்களைக் கட்டுப்படுத்த இவ்வரையறை பயன்படுகிறது. எனினும் தொலைவும் சூழலும் ஒன்றல்ல. 2004இல் உலக மரபுச் சின்னமான கங்கைகொண்ட சோழபுரக் கோயிலுக்குப் பொருள் தரும் சோழகங்கம் ஏரியும் மாளிகைமேட்டு அரண்மனை எச்சங்களும் 300 மீட்டருக்கு வெளியே உள்ளன. அவ்வேரியை முதலாம் இராசேந்திரனின் நீர்மயமான வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் குறிக்கின்றன. ஏரியை விலக்கிக் கோயிலை மட்டும் நோக்கினால் தலைநகரின் அமைப்பு புலப்படாது. விக்கிரமங்கலத்தின் மறைந்த பள்ளிகளுக்கோ அளவைத் தொடங்கும் கட்டட விளிம்பே இல்லை.

செப்பேடு உணர்த்தும் முறை

இச்சிக்கலுக்கு வழிகாட்டும் சான்று ஆனைமங்கலச் செப்பேடுகள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் காலத்தில் அளிக்கப்பட்ட ஊரின் எல்லைகளை அவை நாற்றிசையிலும் விரித்துரைக்கின்றன. பெண்யானையை நடத்தி எல்லை கண்டு, கல்லும் கள்ளியும் நட்ட செய்தியும் அவற்றில் உண்டு. பள்ளியின் வாழ்வு அதன் மதிலோடு முடியவில்லை. வேறோர் ஊரின் விளைநிலத்தையும் நீரையும் சார்ந்திருந்தது. சூழல் என்பது காட்சி மட்டுமன்று, பயன்பாடும் வழக்காறும் அதில் அடங்கும் என 2005இல் சியான் நகரில் இகோமாஸ் அமைப்பு ஏற்ற சாற்றுரையும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

பயிற்சியின் உள்ளடக்கம்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கல்வெட்டியலிலும் தொல்லியலிலும் பட்டயப் பயிற்சி அளித்துவருகிறது. இத்தகைய பயிற்சிகளில், ஆவணத்தின் எல்லைப்பகுதியைப் படித்த மாணவர் அதனைப் புல வரைபடத்தோடும் களத்தோடும் ஒப்பிடும் பழக்கம் வலுப்பெற வேண்டும். விக்கிரமங்கலம் போன்ற ஊரில் நான்கு கூறுகள் பதிவாக வேண்டும்: திருமேனிகள் இடம்பெயர்ந்த வரலாறு, ஏரி, வாய்க்கால், பழம்பாதை, நிலப்பெயர், மேற்பரப்பிற்கிடைக்கும் செங்கல், ஓடு, இன்றைய வழிபாடு. கண்டது, கேட்டது, உய்த்துணர்ந்தது ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி எழுதுவதே மதிப்பீட்டாளரின் முதற்கடமை. அவ்வேறுபாடு இல்லாத அறிக்கை, பாதுகாப்பு முடிவுக்கு அடிப்படையாகாது.

முடிவுரை

கட்டடம் நிற்குமிடத்தில் பிழைபட்ட மதிப்பீட்டைப் பின்னர்த் திருத்த இயலும். கட்டடம் இல்லாத இடத்தில் நிலமே ஆவணம்; மேடு சமன் செய்யப்பட்டு வாய்க்கால் தூர்ந்தபின் அதனை மீண்டும் படிக்க இயலாது. ஆதலின் சூழல் மதிப்பீடு கட்டடக்கலையின் துணைப்பாடமாக அன்றி, கல்வெட்டியலோடு இணைந்த தனிப்பாடமாக அமைதல் வேண்டும்.