முக்கால் வேகத்தில் தோடி

இசையை ஆசானிடமன்றிக் கருவியிடம் பயில இயலுமா என்னும் வினா கணினி வந்தபின் எழுந்ததன்று. நூறாண்டுகளுக்கும் மேலாக அது நம் இசையுலகில் உண்டு. ஒலிப்பதிவின் வேகத்தைக் குறைத்துக் கேட்டுப் பயிலும் வழக்கம் வளர்ந்த வகையை, நாகசுரத்தை முன்னிறுத்தி இக்கட்டுரையில் காண்போம்.

நம் இசையில் சுரம் அசையாது நிற்கும் புள்ளியன்று. அசைந்தும் வழுக்கியும் பொலிவது. அவ்வசைவே கமகம். 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' கமகங்களுக்குத் தனிக் குறியீடுகளை வகுத்து, அவற்றை ஏட்டில் நிறுத்த முயன்றது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1902இல், கிராமபோன் நிறுவனத்தின் கைஸ்பெர்க் கல்கத்தா வந்து கௌகர் ஜானின் குரலைப் பதிவு செய்திருந்தார். ஏட்டை எவ்வளவு மெதுவாகவும் படிக்கலாம். ஆனால் அதில் ஒலி இல்லை. தட்டில் ஒலி இருந்தது. ஆனால் அது கற்பவனுக்காகக் காத்திருக்கவில்லை.

78 சுழற்சித் தட்டின் பத்தங்குலப் பக்கமொன்று ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்கில் விரியும் இராகம் அதற்குள் அடங்கவேண்டியிருந்தது. திருமருகலில் பிறந்த டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இசைத்தட்டு பெரும்புகழ் பெற்றது. அதன் மின்னல்வேகப் பிருகாக்களைக் கேட்டு வியத்தல் எளிது, பிரித்தறிதல் அரிது. ஊசியைத் தூக்கி மீண்டும் மீண்டும் அதேயிடத்தில் வைப்பது ஒரு வழி. கிராமபோனின் வேகத் திருகைத் தளர்த்துவது மற்றொன்று.

இரண்டாம் வழியில் ஓர் இடர் இருந்தது. வேகம் குறைந்தால் சுருதியும் தாழும். அத்தாழ்ச்சிக்கு நம் இசைக் கணக்கே அளவுகோல். பாதி வேகத்தில் சட்சம் ஒரு ஸ்தாயி கீழிறங்கும். முக்கால் வேகத்தில் அது கீழ்ப் பஞ்சமமாகும். மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் கீழ் மத்திமமாகும். பழந்தமிழ் வழக்கில் கூறின், குரல் முறையே இளியாகவும் உழையாகவும் மாறும். பாடுவோர் தம் சுருதியைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். நாகசுரக்காரருக்கு அது கூடாது. குறுகிய திமிரிக்கு மேல் சுருதி, நீண்ட பாரிக்குக் கீழ் சுருதி எனக் குழலின் நீளமே அதனை உறுதிசெய்துவிடுகிறது. பாதி வேகம் ஒன்றுதான் சுருதியோடு இணங்கும். அதிலும் நாகசுரம் தன் குரலை இழந்து உறுமும். பின்வந்த நாடாப் பதிவுக் கருவிகளில் விநாடிக்கு 7½ அங்குலம், 3¾ அங்குலம் எனப் பாதியாகும் வேகங்கள் இருந்தன. ஆயினும் இடர் அவ்வாறே நின்றது.

வேகத்தையும் சுருதியையும் பிரிக்கும் வழிகளுள் ஒன்றை 1966இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சார்ந்த பிளானகனும் கோல்டனும் வெளியிட்டனர். ஒலியை ஒன்றன்மேலொன்று படியும் சிறு துணுக்குகளாக்கி, இடைவெளியை மாற்றி மீண்டும் கோப்பது அதன் சாரம். கணினிகள் பரவிய பின்னர் அது எளியோர் கைக்கும் எட்டியது. 2000இல் வெளியான ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்க உதவுகிறது.

இதன் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. நாகசுரக் கல்வி நெடுங்காலம் குலவழியிலும் குருகுலத்திலும் நின்றது. இன்று திண்டுக்கல்லை அடுத்த நம் அகரத்தில், அருகில் வித்துவான் இல்லாத ஒரு மாணவனும், 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலம் வாசித்த ஆபேரியை, அல்லது 1968இன் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததைத் தன் குழலின் சுருதிக்கு மாற்றி, இரண்டு விநாடிப் பகுதியை நூறுமுறை கேட்கலாம். முன்னர் எவருக்கும் வாய்க்காத வசதி இது.

எனினும் ஆசான் காட்டும் மெதுவும் மென்பொருள் காட்டும் மெதுவும் ஒன்றல்ல. வர்ணத்தை முதற்காலத்தில் பயிற்றும் ஆசிரியர் ஒவ்வொரு சுரத்துக்கும் நிறைவான அசைவு தருவார். இரண்டாங்காலத்தில் அவ்வசைவுகள் சுருங்கும். சில மறைந்தே போகும். விரைவான தோடியை இழுத்து நீட்டினால் கிடைப்பது முதற்காலத் தோடியன்று. சுருங்கிய காந்தாரத்தின் நீண்ட நிழல். தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயில் சிற்பமொன்றின் ஒளிப்படத்தைப் பெரிதாக்கினால் உளியின் சுவடு தெரியும். சிற்பி உளியைப் பிடித்த முறை தெரியாது. சீவாளியில் உதடு தரும் அழுத்தத்தையும், விரல் துளையைப் பாதி மூடும் நுட்பத்தையும் எப்பதிவும் சொல்வதில்லை. மிகவும் நீட்டினால் தவிலின் அடிகளும் கூர்மையிழந்து குழைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவன் பிழைபட வாசிக்கையில் கருவி அவனைத் தடுத்து நிறுத்தாது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை குழலாசிரியன், யாழாசிரியன் முதலியோரின் தகுதிகளை விரித்துரைக்கின்றது. கற்பித்தலே தனிக்கலை என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார். ஆதலின் மென்பொருளைச் செவிக்குத் துணையாகக் கொள்வோம். செவி கண்டதை ஆசான் முன் வைத்துத் திருத்திக்கொள்வோம். மெதுவாக்கிக் கேட்பதற்கும் முதலில் பதிவு எஞ்சியிருத்தல் வேண்டும். அரக்குத் தட்டுகள் எளிதில் உடைபவை. வாசகர் இல்லங்களின் பரண்களில் பழைய நாகசுரத் தட்டுகள் உளவாயின், அவை நொறுங்குமுன் கணினியில் பதிந்து வைப்பது நம் அனைவர்க்கும் கடன்.